26-ஆவது மேளத்தில் ஒரு பழைய பாட்டு: கேசட்டிலிருந்து முழுப் பதிவு வரை

பாட்டு இருந்தது 1990-களில் பதிந்த ஒரு சி-90 கேசட்டில். அதை அதே குரலில் இப்போது புதிதாகப் பதிந்த வழி இது. ஒரு ஆர்மோனியம், ஒரு குரல், பின்னால் எங்கோ கரண்ட் ரீங்காரம். ராகம் சாருகேசி, ஆதி தாளம், திஸ்ர நடை (ஓர் அடிக்கு மூன்று பங்கு). மகளுக்கு வெளியூரில் வேலை கிடைத்திருக்கிறது. விடியற்காலையில் அப்பா பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவளை பஸ் ஏற்றிவிட நடக்கிறார். அவ்வளவுதான் கதை. பல்லவியின் வரி இது:

பெட்டி கனமில்ல கண்ணு
பேச்சுதான் வரல

இந்த இரண்டு வரிக்குள்ளேயே ராகம் முழுசாக இருக்கிறது. சாருகேசி 26-ஆவது மேளம், அதாவது தாய் ராகம்: ச ரி2 க3 ம1 ப த1 நி2. கீழ்ப் பாதி சங்கராபரணத்தோடு ஒன்று, மேல் பாதி நடபைரவியோடு ஒன்று. 'கனமில்ல' என்ற சொல் அந்தர காந்தாரத்தில் (க3) நிற்கிறது. அதில் சந்தோஷம் மட்டும்தான். 'வரல' நிஷாதத்திலிருந்து வழுக்கி சுத்த தைவதத்தை (த1) தொட்டு பஞ்சமத்தில் இறங்குகிறது; அங்கே தொண்டை அடைக்கிறது. ஆக, பாட்டின் இனிப்பும் கசப்பும் காந்தாரம், தைவதம் என்ற இரண்டே ஸ்வரங்களில் இருக்கின்றன. கீழே வரும் ஒவ்வொரு முடிவும், கட்டை (பாடும் ஸ்ருதி) தேர்வு முதல் ரிவர்ப் (செயற்கை எதிரொலி) வரை, அந்த இரண்டையும் காப்பாற்றுவதற்காக எடுத்தது.

கேசட்டை எழுப்புவது

பழைய கேசட்டை எடுத்தவுடன் பிளேயரில் போட்டு ஓட்டக் கூடாது. முதலில் வெளிச்சத்தில் பிடித்து, நாடாச் சுருளில் வெள்ளைப் பூஞ்சை இருக்கிறதா பாருங்கள். அடுத்து, நடுவில் இருக்கும் சின்ன ஃபெல்ட் பஞ்சு. அதன் பசை காய்ந்து விழுந்திருந்தால் நாடா, அதைப் படிக்கும் ஹெட்டில் அழுந்தாது. சத்தம் மங்கி மங்கி வரும். உதவாத வேறொரு கேசட்டிலிருந்து, திருகாணி போட்ட ஓடாகப் பார்த்து, பஞ்சை எடுத்து மாற்றிவிடலாம். ஹெட், கேப்ஸ்டன் (நாடாவை இழுக்கும் உலோகத் தண்டு), ரப்பர் உருளை மூன்றையும் துடைத்துவிட்டு, கேசட்டை ஒருமுறை கடைசி வரை ஓட்டித் திரும்பச் சுற்றுங்கள். ஹெட்டுக்கும் கேப்ஸ்டனுக்கும் ஐசோப்ரொபைல் ஆல்கஹால். ரப்பர் உருளைக்கு வெறும் ஈரத்துணி போதும்.

ஹெட் பக்கத்தில் ஸ்பிரிங் வைத்த ஒரு சின்ன திருகாணி இருக்கும். பாட்டை ஓடவிட்டு, இரண்டு சேனலையும் மோனோவாகச் சேர்த்துக் கேட்டபடி, அதைக் கால் சுற்றுக்கும் குறைவாக இப்படியும் அப்படியும் திருப்புங்கள். 'ச', 'ஸ' ஒலிகள் எங்கே மிகக் கூர்மையாகக் கேட்கின்றனவோ அங்கே நிறுத்துங்கள். பதிந்த மெஷினின் ஹெட் கோணமும் ஓட்டும் மெஷினின் கோணமும் ஒன்றாக இருக்காது என்பதால் இது தேவை. இரைச்சல் குறைக்கும் பட்டனை அணைத்து, லைன்-இன் வழியாக 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் ஏற்றுங்கள்.

ஏற்றியவுடன் சாஃப்ட்வேரில் இரைச்சலை நீக்கப் பலருக்கும் கை துறுதுறுக்கும். பொறுங்கள். அந்தக் கரண்ட் ரீங்காரம் இப்போது உங்களுக்குச் சாட்சி.

கேசட் எந்த வேகத்தில் ஓட வேண்டுமோ, அதாவது வினாடிக்கு 4.76 செ.மீ., அந்த வேகத்தில் பழைய டெக் எதுவும் அப்படியே ஓடுவதில்லை. மோட்டார் 3 சதவீதம் வேகமாக ஓடினாலே பாட்டு ஏறக்குறைய அரை செமிடோன் (கீபோர்டில் அடுத்தடுத்த இரண்டு சாவிகளின் இடைவெளியில் பாதி) ஏறிவிடும். இந்தக் கேசட்டில் ஆர்மோனியத்தின் ஷட்ஜம் 151 ஹெர்ட்ஸ் காட்டியது. இரண்டு கட்டை என்றால் 146.83 இருக்க வேண்டும். இரண்டரைக் கட்டை என்றால் 155.56. இரண்டுக்கும் நடுவில் தொங்குகிறது. அப்போது ஆடாசிட்டி என்ற ஒலி சாஃப்ட்வேரின் ஸ்பெக்ட்ரம் வரைபடத்தில் ரீங்காரத்தைத் தேடினால் 103 ஹெர்ட்ஸில் ஒரு முள் நிற்கிறது. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் இரண்டாவது மடங்கு 100-இல் இருக்க வேண்டும். 3 சதவீதம் ஏற்றம். ஆர்மோனியக் கணக்கும் 2.8 சதவீத ஏற்றம் என்றது. இரண்டும் ஒத்துப்போனதால் இரண்டு கட்டைதான் என்று முடிவாயிற்று. ரீங்காரத்தை மட்டும் நம்பாதீர்கள். அந்த வருஷங்களில் மின் கிரிட்டின் அதிர்வெண்ணே 50-இல் நிற்காமல் ஏறி இறங்கும். இன்னொரு சாட்சி கட்டாயம் வேண்டும்.

வேகத்தை 2.76 சதவீதம் குறைத்ததும் ஸ்ருதியும் காலப்பிரமாணமும் சேர்ந்தே இறங்கின. கேசட்டில் நிமிஷத்துக்கு 70 அடி இருந்தது 68 ஆனது. அந்த இரண்டு அடி குறைந்ததிலேயே நடை அப்பாவின் நடையாகிவிட்டது. ஸ்ருதியை மட்டும் மாற்றும் கருவியை இங்கே எடுக்காதீர்கள். டெக் செய்த தப்பு வேகத்தில், திருத்தமும் வேகத்தில்தான்.

கட்டை, வரி, கார்டு

பாட்டு மந்திர (கீழ் ஸ்தாயி) நிஷாதத்திலிருந்து மேல் காந்தாரம் வரை போகிறது. இரண்டு கட்டையில் அந்த மேல் காந்தாரம் 370 ஹெர்ட்ஸ். இருபத்தைந்து வருஷம் கழித்து அதே தொண்டை அங்கே போனால் இனிக்க வேண்டிய காந்தாரம் கத்தலாகிவிடும். ஒரு கட்டைக்கு இறக்கினால் அது 330-க்கு வந்துவிடுகிறது. கீழே மந்திர நிஷாதம் 117 ஹெர்ட்ஸ், அதுவும் கைக்குள் இருக்கிறது. பழைய பாட்டு அலமாரியிலேயே தங்கிப்போவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்: குரல் இறங்கியிருக்கும், கட்டையை இறக்க மட்டும் மனசு வராது.

இரண்டாவது காரணம், இரண்டாம் சரணம் இல்லாதது. பழைய நோட்டில் 'இன்பமும் துன்பமும் கலந்த கண்ணீர்' என்று ஒரு வரி பாதியில் நின்றிருந்தது. ராகமே சொல்லிவிட்டதை வரியும் சொன்னால் இரண்டும் வீண். அதை எடுத்துவிட்டு, பஸ் ஸ்டாண்டில் கை என்ன செய்கிறது, வாய் என்ன உளறுகிறது என்று மட்டும் எழுதினால் சரணம் தானாக வருகிறது. 'சில்லறை இருக்கான்னு மூணு தரம் கேட்டேன்' என்ற வரி அப்படி வந்ததுதான்.

கார்டு (ஒன்றாக ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு) விஷயத்தில் கொஞ்சம் நின்று போக வேண்டும். சாருகேசிக்கு கிடார் வாசிப்பவர் பழக்கத்தில் கை வைக்கும் மூன்று கார்டுகள் ராகத்தையே மாற்றிவிடும். ஒரு கட்டையில், அதாவது சி-யை ஷட்ஜமாக வைத்தால்:

ஜி மேஜர் போட்டால் உள்ளே பி வருகிறது. அது காகலி நிஷாதம். பாட்டு சரசாங்கிக்குப் போய்விடும். எஃப் மேஜர் போட்டால் ஏ, சதுச்ருதி தைவதம்; ஹரிகாம்போஜி. ஏ ஃபிளாட் மேஜர் போட்டால் ஈ ஃபிளாட், சாதாரண காந்தாரம், நடபைரவி.

ராகத்துக்குள் நிற்கும் கார்டுகள் சி மேஜர், எஃப் மைனர், ஜி மைனர், பி ஃபிளாட் மேஜர், ஏ ஃபிளாட் ஆக்மென்டட். கடைசியாகச் சொன்னதில் ஏ ஃபிளாட், சி, ஈ மூன்றும் இருக்கின்றன. தைவதமும் காந்தாரமும் ஒன்றாக ஒலிக்கும் மூன்று ஸ்வர கார்டு இந்த ராகத்தில் இது ஒன்றே ஒன்று. அதனால் அதைப் பாட்டு முழுக்க இறைக்கவில்லை. இரண்டாம் சரணம் முடிந்து கடைசிப் பல்லவி தொடங்கும் முன், ஒரே ஒரு முறை, ஒரு முழு ஆவர்த்தனத்துக்கு (தாளச் சுற்றுக்கு) வருகிறது.

நைலான் கிடாரை ஆறு தந்தியும் ஒரு முழுத் தொனி இறக்கி (டி, ஜி, சி, எஃப், ஏ, டி) டி வடிவங்களாக வாசிப்பது நல்லது; கை டி-யில், ஒலிப்பது சி. தந்தி தளரும், ஃப்ரெட்டில் இரையும். வழக்கமாகப் போடுவதைவிட ஒரு படி தடித்த செட் போடுங்கள். புது நைலான் தந்தி ஓரிரு நாள் இழுபட்டுக்கொண்டே இருக்கும், போட்ட அன்றே பதிவு வைக்காதீர்கள். அந்த ஆக்மென்டட் கார்டுக்கு விரல் வைப்பு: ஐந்தாம் தந்தி முதல் ஃப்ரெட், நான்காவது திறந்து, மூன்றாவதும் இரண்டாவதும் மூன்றாம் ஃப்ரெட், முதல் தந்தி இரண்டாம் ஃப்ரெட்.

பதினான்கு சென்ட்

தம்புராவோடு பாடும் குரல் காந்தாரத்தை 5/4 என்ற விகிதத்தில் தேடிப் போகும். அது கீபோர்டின் காந்தாரத்தைவிட 14 சென்ட் கீழே (ஒரு சென்ட் என்பது செமிடோனில் நூறில் ஒரு பங்கு). சுத்த தைவதம் 8/5-இல் நிற்கப் பார்க்கும். கீபோர்டைவிட 14 சென்ட் மேலே. ஒரு கட்டையில் மேல் காந்தாரம் கீபோர்டில் 329.63, தம்புராவின்படி 327.03. இரண்டும் ஒன்றாக நீண்டு ஒலித்தால் வினாடிக்கு இரண்டரைக்கு மேல் துடிப்பு கேட்கும். 'ஸ்ருதி சேரலையே' என்று எல்லோரும் பாடகரைப் பார்ப்பார்கள். தப்பு அவருடையது இல்லை.

ஆகவே குரல் இருக்கும் இடத்தில் வாத்தியம் அந்த இரண்டு ஸ்வரத்தையும் தொடக் கூடாது என்று வைத்தோம். டி வடிவத்தில் முதல் தந்தியை விட்டுவிட்டால் காந்தாரம் போய்விடும். ஷட்ஜமும் பஞ்சமமும் மட்டும் மிஞ்சும். ஜி மைனர் பாரே வடிவத்தில் (ஒலிப்பது எஃப் மைனர்) மூன்றாம் தந்தியை மட்டும் ஊமையாக்கினால் தைவதம் போய்விடும். மேஜரா மைனரா என்பதைக் குரல்தான் சொல்ல வேண்டும். 'கனமில்ல' என்று பாடும்போது காந்தாரம் குரலிலிருந்து மட்டும் வருகிறது. 'வரல'வின் தைவதமும் அப்படியே. இடையிசையில் குரல் இல்லாதபோது கிடார் முழு கார்டையும் வாசிக்கலாம். கீபோர்ட் பேட் (நீண்டு ஒலிக்கும் பின்னணி நாதம்) வேண்டுமென்றால் ச-ப மட்டும் பிடியுங்கள்.

பதிவு

அறை 10-க்கு 12 அடி. நடுவில் நின்று பாடக் கூடாது. எதிரெதிர்ச் சுவர்களின் எதிரொலி அங்கே சமமாக வந்து சேர்ந்து குரலை உள்ளீடில்லாமல் ஆக்கிவிடும். நீளவாட்டில் ஒரு சுவரிலிருந்து நாலரை அடி தள்ளி நில்லுங்கள். பாடுபவரின் முதுகுக்குப் பின்னால் இலவம்பஞ்சு மெத்தையை நிறுத்தி வைப்பதுதான் முக்கியம், ஏனென்றால் மைக் பார்ப்பது அந்தப் பக்கத்தை. துணி அடைத்த பீரோவின் கதவைத் திறந்து வைத்தால் அதுவும் உதவும். முட்டை அட்டையால் பயன் இல்லை. உச்ச ஒலியைக் கொஞ்சம் தின்னும், குரலின் அடிப்பகுதியைத் தொடவே தொடாது.

ஃபேன், ஃப்ரிட்ஜ், ட்யூப்லைட் மூன்றையும் அணையுங்கள். நேரம் இரவு பதினொன்றுக்கு மேல். கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடும்போது பதியாதீர்கள். பல வீட்டு இன்வெர்ட்டர்களின் அலை சீரான சைன் அலை இல்லை, இரைச்சல் பல மடங்கு அதிர்வெண்களில் பரவும், எடுக்கவே வராது. லேப்டாப்பை சார்ஜரிலிருந்து கழற்றி பேட்டரியில் ஓட்டினால் பாதிப் பிரச்சினை போய்விடும்.

ஏசியை நிறுத்திவிட்டுப் பதியும்போது அறை சூடேறும் என்பதை மறந்துவிடுகிறார்கள். புல்லாங்குழல் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 3 சென்ட் ஏறும். 24 டிகிரியில் தொடங்கி 29-இல் முடித்தால் 15 சென்ட். கிடார் தந்தி அதே சூட்டில் பெரும்பாலும் தளர்ந்து இறங்கும். அப்போது இரண்டும் எதிரெதிர்த் திசையில் விலகும். ஏசியை அணைத்து அரை மணி நேரம் காத்திருந்து, அறை ஒரு நிலைக்கு வந்த பிறகு தொடங்குங்கள். ஒவ்வொரு டேக்குக்கும் முன் இரண்டையும் தம்புராவோடு சரிபாருங்கள்.

தாளத்துக்கு மிருதங்கம் வைக்காமல் கஞ்சிரா மட்டும் எடுத்துக்கொண்டது இந்தப் பாட்டுக்குப் பொருந்தியது. தோலின் உள்பக்கம் சில சொட்டுத் தண்ணீர் தடவி, சில நிமிஷம் விட்டால் கும்கி (வளைந்து வரும் அடிநாதம்) இறங்கி வரும். காயக் காய ஏறிக்கொண்டே போகும். ஆகவே சரணத்தைத் தனியாக, பல்லவியைத் தனியாக என்று நாள் பிரித்துப் பதியாமல் ஒரே ஈரத்தில் முழுசாக வாசித்து முடியுங்கள்.

காலப்பிரமாணம் முழுக்க 68 என்று பூட்டிவிடாமல், ரீப்பர் என்ற பதிவு சாஃப்ட்வேரின் டெம்போ ட்ராக்கில் பல்லவி 68, சரணங்கள் 70, கடைசிப் பல்லவி 66 என்று வைத்தோம். பழைய கேசட்டில் குரல் தன்னால் அப்படித்தான் நகர்ந்திருந்தது. க்ளிக் சத்தம் ஹெட்ஃபோனிலிருந்து மைக்குக்குள் கசியும். கஞ்சிராவைக் குரலுக்கு முன்பே பதிந்துவிட்டால் க்ளிக்கே வேண்டாம். ஹெட்ஃபோனில் தம்புரா முன்னால், கிடார் பின்னால், பாடுபவரின் சொந்தக் குரல் அளவாக. ஹெட்ஃபோன் சத்தம் அதிகமானால் பலருக்கு ஸ்ருதி கீழே இறங்கும்.

மைக் வாயிலிருந்து 15 முதல் 20 செ.மீ., மூக்கு உயரத்தில், கொஞ்சம் கீழ்நோக்கிச் சாய்த்து. பாப் ஃபில்டர் நடுவில். தமிழின் 'ப' இங்கிலீஷ் 'ப' அளவுக்குக் காற்றைத் தள்ளாது என்றாலும், இந்தப் பல்லவி 'பெட்டி', 'பேச்சு' என்று இரண்டு வரியும் 'ப'வில் தொடங்குகிறது. உணர்ச்சியோடு பாடும்போது காற்று சேர்ந்தே வரும். மைக்கை வாய்க்கு நேரே வைக்காமல் ஒரு கட்டைவிரல் அகலம் பக்கவாட்டில் தள்ளினால் அந்தக் காற்று பக்கத்தில் போய்விடும். அளவு சராசரி -18, உச்சம் -8 டெசிபலைத் தாண்டாமல். 24 பிட்டில் இன்னும் சத்தமாக எடுக்க அவசியமே இல்லை. குரலைக் கம்ப்யூட்டர் வழியாகத் திருப்பிக் கேட்காமல் இன்டர்ஃபேஸின் நேரடி மானிட்டரில் கேட்டால் தாமதம் இராது. தாமதம் இருந்தால் முதலில் பலியாவது கமகம்.

முழுப் பாட்டாக ஐந்து டேக், அதற்கு மேல் வேண்டாம். வரி வரியாக வெட்டி வெட்டிப் பாடினால் ஸ்ருதி சுத்தமாக இருக்கும், 'பெட்டி கனமில்ல'விலிருந்து 'பேச்சுதான்' வரை போகும் அந்த மூச்சு இருக்காது. தேர்ந்தெடுக்கும்போதும் வரிதான் மிகச் சிறிய அலகு, சொல்லை ஒட்டாதீர்கள். ஒட்டும் இடம் மூச்சுக்குச் சற்று முன்னால், 5 முதல் 10 மில்லிசெகண்ட் கிராஸ்ஃபேட். மூச்சை அழித்துவிடாமல் 6 டெசிபல் குறைத்தால் போதும்.

மிக்ஸில் கை வைக்கக் கூடாத இடங்கள்

தானாக ஸ்ருதி திருத்தும் கருவியைப் போட்டால் அது காந்தாரத்தை 14 சென்ட் ஏற்றும், தைவதத்தை 14 சென்ட் இறக்கும், நிஷாதத்திலிருந்து தைவதத்துக்கு வரும் வழுக்கலைப் படிக்கட்டாக்கும். பாட்டில் இருப்பதே அந்த மூன்றுதான். உண்மையிலேயே பிசகிய ஸ்வரம் இருந்தால் மெலோடைன் என்ற ஸ்ருதி திருத்தும் சாஃப்ட்வேரில் அந்த ஒரு ஸ்வரத்தின் மையத்தை மட்டும் நகர்த்துங்கள். உள்ளே இருக்கும் அசைவைத் தொடாதீர்கள். இந்தப் பாட்டில் நான்கு இடங்களுக்கு மேல் தேவைப்படவில்லை.

குரலுக்கு 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டு, 300-ஐ ஒட்டி 2 டெசிபல் குறைப்பு. 'வரல' என்ற சொல் மற்றதைவிட 8 டெசிபல் அளவுக்கு அடங்கி வருகிறது. அதைக் கம்ப்ரஸரிடம் (சத்த ஏற்ற இறக்கத்தைக் குறைக்கும் கருவி) விட்டுவிட்டால் 'கனமில்ல'வை நசுக்கி 'வரல'வைத் தூக்கி இரண்டையும் ஒரே உயரமாக்கிவிடும். கையால் 3 டெசிபல் மட்டும் ஏற்றி, பிறகு கம்ப்ரஸர்: 3:1, அட்டாக் 15 மில்லிசெகண்ட், ரிலீஸ் 120, குறைப்பு 3 டெசிபலுக்குள்.

ரிவர்ப் 1.4 வினாடி ப்ளேட், முன்தாமதம் 40 மில்லிசெகண்ட். முதலில் 2.5 வினாடி வைத்தபோது என்ன பிசகியது என்பதைக் காதால் கண்டுபிடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது: காந்தாரத்தின் வால் தொங்கிக்கொண்டிருக்கும்போதே தைவதம் வந்துவிடுகிறது. ஒரே ஒரு முறை வர வேண்டிய அந்த ஆக்மென்டட் நிறம் ஒவ்வொரு வரியிலும் மங்கலாக ஒலித்துக்கொண்டிருந்தது. நீளத்தைக் குறைத்து, 'கண்ணு' என்ற சொல்லில் ரிவர்ப் அனுப்புவதை 4 டெசிபல் இறக்கியதும் தெளிந்தது. எக்கோ வேண்டுமானால் 294 மில்லிசெகண்ட். 68 அடியில் ஓர் அடிக்கு 882, திஸ்ரத்தில் அதன் மூன்றில் ஒரு பங்கு.

பழைய கேசட் ஒலியை முன்னுரையாக ஐந்து வினாடி ஒட்டலாமா என்ற யோசனை எப்போதும் வரும். வேண்டாம். இரைச்சல் வந்தவுடன் கேட்பவர் கேசட்டை நினைத்து ஏங்கத் தொடங்குவார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடக்கும் அப்பா பின்னால் போய்விடுவார்.

சத்தம் -14 லஃப்ஸ் (ஒட்டுமொத்தச் சத்தத்தின் அளவு), உச்சம் -1 டெசிபல். -16-இல் பாட்டு நன்றாக மூச்சு விட்டால் அப்படியே விடுங்கள். யூட்யூப் கூடுதல் சத்தத்தைக் குறைக்கும், குறைந்ததை ஏற்றாது என்பதை மட்டும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். போன் ஸ்பீக்கரில் மோனோவாக ஒருமுறை கேட்டு, 'வரல' விழுங்கப்படாமல் இருக்கிறதா பாருங்கள்.

கடைசி 'வரல' பஞ்சமத்தில் நின்ற பிறகு கிடார் இல்லை, கஞ்சிரா இல்லை. தம்புரா மட்டும் இரண்டு சுற்று ஓடி, மூன்றாவது சுற்றின் முதல் பஞ்சமத்தில் நிற்கிறது. ஃபேட் போடாமல் தந்தி தானாக அடங்கும் வரை, சுமார் ஏழு வினாடி, ஃபைலை நீளமாக விட்டு ஏற்றுமதி செய்யவும்.